பழைய பெட்டியும் பைந்தமிழும்

தமிழாசிரியருக்கும் கணிப்பொறியின் உட்புறத்துக்கும் என்ன தொடர்பு என வினவுவோர் இன்றும் உளர். ஏடு காத்தலும் எழுத்து ஆய்தலும் தமிழாசிரியரின் கடமைகள் எனில், இன்றைய ஏடுகள் பலவும் கணிப்பொறிக்குள்தானே உறங்குகின்றன! பிறர் கழித்துவிட்ட பழைய கணிப்பொறிகளில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவி, அவற்றை மீண்டும் இயங்கச் செய்வது சில ஆண்டுகளாக எம் ஓய்வுநேரப் பணி. பொழுதுபோக்காய்த் தொடங்கிய அப்பணி எம்மை மீண்டும் தமிழிடமே கொண்டு சேர்த்த வகையை இம்மலரில் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளத்தைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாக அறிவித்தார். அப்பொழுது அவருக்கு அகவை 21. ஏறத்தாழ அதே காலத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீறுகொண்டு நடந்தது. அன்றைய ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், சிற்றூர்ப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். பிறர் கொண்டுவிடும்வரை காத்திராமல் தாமே செல்லும் உரிமையை அவ்வெளிய வண்டி அவர்களுக்கு அளித்தது. கழற்றினால் உறுப்புகள் அனைத்தும் கண்ணுக்குத் தெரியும் வண்டி அது, லினக்ஸும் அத்தகையதே. அதன் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம்; திருத்தலாம்; தம் தேவைக்கேற்பக் குறைத்தும் கூட்டியும் அமைத்துக்கொள்ளலாம். பழைய பெட்டிகள் அதனால் உயிர்பெறும் காரணம் இதுவே.

வக்ஃபு போன்றதோர் ஏற்பாடு

இம்மென்பொருளின் உரிமை யாருடையது என மாணவர்கள் எம்மைக் கேட்பதுண்டு. நம் சமுதாயத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. ஒருவர் தம் நிலத்தை வக்ஃபு செய்துவிட்டால் அதன் பயன் பொதுவாகிவிடுகிறது. பின்வருவோர் அதனைத் தமதாக்கிக்கொள்ள இயலாது. 1983இல் குனூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், 1989இல் பொது உரிமம் ஒன்றை வகுத்தார். 1992இல் லினக்ஸும் அவ்வுரிமத்தின் கீழ் வந்தது. மென்பொருளைப் பெற்றவர் அதனைத் திருத்திப் பிறர்க்கு வழங்கும்போது, தாம் பெற்ற உரிமைகள் அனைத்தையும் அவர்க்கும் வழங்குதல் வேண்டும் என்பதே அதன் சாரம். வக்ஃபுச் சொத்தை விற்கலாகாது. இதனையோ விலைக்கு வழங்கலாம். எனினும், பெற்றவரின் உரிமையைப் பறிக்கலாகாது. இவ்வேறுபாடு நீங்கலாக, இரண்டின் உள்நோக்கும் ஒன்றே எனலாம்.

அமானிதமாய் வந்த பெட்டி

எம் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று மறைந்த மூத்த பேராசிரியர் ஒருவரின் கணிப்பொறியை, அவர்தம் குடும்பத்தார் எம்மிடம் ஒப்படைத்தனர். பென்டியம் 4 வகை. நினைவகம் 512 மெகாபைட். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் முதிய பெண்மணிகளிடம் அவர் கேட்டெழுதிய தாலாட்டு, ஒப்பாரி, கல்யாணப் பாட்டு ஆகியன இருநூறுக்கும் மேல் அதனுள் இருந்தன. வேறு படி இல்லை. பாடியோருட் பலர் இன்றில்லை, தொகுத்தவரும் இல்லை. பழுதுபார்ப்பவர் ஒருவர், "வட்டு போய்விட்டது சார், பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்" என்று கைவிரித்தார்.

யாம் பப்பி லினக்ஸ் கொண்ட குறுந்தகட்டை அதனுள் இட்டோம். ஆஸ்திரேலியரான பாரி காலர் 2003இல் வெளியிட்ட இவ்வியங்குதளம், நாய்க்குட்டி என்னும் தன் பெயருக்கேற்பச் சிற்றுருவினது. நிலைவட்டைத் தீண்டாமல் நினைவகத்திலேயே நின்று இயங்கவல்லது. திரையில் ஒளி வந்தது. நிலைவட்டும் அடையாளம் காணப்பட்டது. ஆயின், அதில் பழுதுற்ற பகுதிகள் பல. அதற்கென டிடிரெஸ்க்யூ என்றொரு கருவியுண்டு. நலமாய் உள்ள பகுதிகளை முதலில் படியெடுத்துவிட்டு, பழுதுற்ற இடங்களுக்குப் பின்னரே அது மெல்ல வரும். செல்லரித்த சுவடியில் தெளிந்த ஏடுகளை முதலில் எழுதிக்கொண்டு, ஒட்டிய ஏடுகளைப் பின்னர்ப் பதமாய்ப் பிரிக்கும் பதிப்பாசிரியரின் முறை அது! ஓர் இரவும் மறுநாள் நண்பகல் வரையும் அப்பணி நடந்தது. சில கோப்புகள் நீங்கலாக, ஏனையவை மீண்டன.

எழுத்தும் விதியும்

மீண்ட கோப்புகளைத் திறந்தால் தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குழம்பிக் கிடந்தன. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் போக்கில் எழுத்துகளை 256 இடங்களுக்குள் அடைத்திருந்தன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டையொட்டிப் பொதுக் குறியேற்றங்கள் வகுக்கப்பட்ட பின்னரும் இப்பன்மை நீங்கவில்லை. பேராசிரியர் கையாண்ட எழுத்துருவில் எந்த இடத்தில் எந்த எழுத்து எனப் பட்டியலிட்டு, மாற்றுவதற்கான கட்டளைகளை லினக்ஸில் யாமே எழுதினோம்.

இங்கே இலக்கணப் பயிற்சி கைகொடுத்தது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் அமையும். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக, ஒலிக்கும் முறையில் அமையும். எனவே வரிசையை மாற்ற வேண்டும். 'கெ'வுக்குரிய கட்டளை முந்தினால் 'கொ' சிதையும். ஆதலின், சிறப்பு விதியை முன்வைத்துப் பொதுவிதியைப் பின்வைத்தோம்.

ஓரிடத்தில் மட்டும் எந்த விதியும் பயன்படவில்லை. ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் அவ்வெழுத்துருவில் ஒன்றே. 'மௌத்து', 'மௌலிது', 'தௌபா' என்பன நம் பெண்களின் பாடல்களில் இயல்பாய் வருவன. 'வெளக்கு', 'வெளஞ்ச' என்னும் பேச்சு வழக்குகளும் அப்பாடல்களிலேயே வருவன. எது ஔகாரம், எது ளகரம் எனப் பொறி அறியாது. அம்மொழியைக் கேட்டு வளர்ந்தவரே அறிவர். மாணவியர் சிலர் தம் நன்னிமாரிடம் பாடல்களைப் படித்துக்காட்டி, ஐயம் நீங்கித் திருத்தித் தந்தனர். பொறி முடிக்காத பணியை அம்முதியோர் முடித்து வைத்தனர் என்பது எமக்கு மிக்க உவகை தந்தது.

ஹர்ஃபும் எழுத்தும்

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய வடிவங்களைப் படைத்தனர். ஓர் எழுத்துமுறைக்குள் மற்றொரு மொழியைப் பொருத்திய அவ்வறிவு, இன்றைய குறியேற்றப் பணிக்கு மூத்த உறவு எனலாம்.

லினக்ஸ் திரையில் தமிழ் எழுத்துகளை உரிய உருவில் பொருத்திக் காட்டும் நிரலின் பெயர் ஹர்ஃப்பஸ். பாரசீகத்தில் 'ஹர்ஃப்' எழுத்து, 'பாஸ்' திறந்தது. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பார் அதனை உருவாக்கியவருள் தலையாயவர். சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறி இணையும் அரபு எழுத்தையும், மெய்க்கு இடப்புறம் சென்று நிற்கும் தமிழ்க் கொம்பையும் அந்த ஒரே நிரல் பேணுகிறது. மதரஸாவில் 'ஹர்ஃபு' எனக் கற்ற சொல்லை, தமிழைத் தாங்கும் கருவியின் பெயரில் கண்டபோது யாம் அடைந்த வியப்புக்கு அளவில்லை.

செய்யத்தக்கன

பழைய பெட்டிகள் எல்லாம் வல்லன என யாம் கூறவில்லை. இணைய உலாவிகள் பெருத்துவிட்டன. 2025இல் வெளிவந்த டெபியன் 13 பழைய 32 பிட் பொறிகளில் நிறுவுவதற்கான வசதியைக் கைவிட்டது. எனினும் எழுதவும், படிக்கவும், கோப்புகளைக் காக்கவும் அவை போதும். பாடல்களின் படி ஒன்றை, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் இட்டுத் துறையில் வைத்துள்ளோம். 2012இல் 35 டாலர் விலையில் அறிமுகமான அவ்வகைப் பொறியும் லினக்ஸைக் கொண்டே இயங்குகிறது.

பெரியோர்களே, தங்கள் இல்லங்களில் பழைய கணிப்பொறிகளும் குறுந்தகடுகளும் இருப்பின், அவற்றை எடைக்குப் போடுமுன் எம் துறைக்கு ஒருமுறை காட்டுங்கள். வீண்விரயம் நம் மார்க்கம் விலக்கியது; அமானிதம் பேணுதல் அது வலியுறுத்துவது. மாணவச் செல்வங்களே, திருகுளி ஒன்றும் தமிழறிவும் பொறுமையும் கொண்டு வாருங்கள். பேராசிரியரின் வட்டில் படியெடுக்க இயலாமற்போன கோப்புகள் சிலவற்றின் பெயர்கள் மட்டும் எம்மிடம் உள்ளன. அப்பாடல்களை அறிந்தோர் அக்கடற்கரை ஊர்களில் இன்னும் இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே சென்று கேட்டு எழுதுவோம். எழுதியதை எவரும் திறந்து படிக்கும் வகையில் வைப்போம்.