சமதரை தேடிய ஒருநாள்

கண்டி மாநகருக்கு வருவோர் வாவியையும் தலதா மாளிகையையும் கண்டு மகிழ்ந்து மீள்வர். சென்ற போயா விடுமுறையன்று நாம் மாணவர் மூவருடன் புறப்பட்டதோ வேறொரு நோக்கத்துடன். எமது பையிலே பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருந்தது. அதை எறிந்து பழக ஓரிடம் வேண்டும்!

டிஸ்க் கோல்ஃப் என்பது அவ்விளையாட்டின் பெயர். பந்துமில்லை, மட்டையுமில்லை. தொலைவிலே கம்பத்தில் பொருத்திய கூடையை நோக்கித் தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடையிற் சேர்ப்பவரே வென்றவர். சங்கிலிகள் தொங்கும் அக்கூடையை 1970களில் கலிபோர்னியாவில் அமைத்தவர் எட் ஹெட்ரிக். 2002 இல் அவர் மறைந்தபின் அவரது அஸ்தியைக் கலந்தே தட்டுகள் வார்த்தனர். அஸ்தியை ஆற்றிலே கரைக்கும் எமக்கு இது விந்தையாகத்தான் இருக்கிறது.

முதலில் அஸ்கிரிய சென்றோம். மலைநகரில் சமதரை பொன்னினும் அரிது. குன்றின் சரிவை வெட்டித் திரித்துவக் கல்லூரியார் உண்டாக்கிய மைதானம் அது. 1983 இல் அவுஸ்திரேலிய அணி டெஸ்ட் ஆடியதும், 2007 இல் கண்டி மைந்தன் முத்தையா முரளிதரன் தமது 709ஆவது விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனை படைத்ததும் இங்கேதான். ஆயினும் கல்லூரித் திடலில் அயலார் நுழைவது முறையன்று. பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

பேராதனைப் பூங்காவின் புல்வெளியைக் கண்டதும் மாணவர் கைகள் துறுதுறுத்தன. அரிய மரங்களிடையே தட்டெறிதல் தகாது என்று தடுத்துவிட்டோம். விக்டோரியா நீர்த்தேக்கக் கரையிலே பதினெட்டுக் குழிகள் கொண்ட அழகிய கோல்ஃப் திடல் உண்டு. ஆசிரியரின் பணப்பைக்கு அது எட்டாது.

அப்பொழுது, அதுவரை வாய் திறவாத மாணவன் ஒருவன், “சேர், இதுக்குச் சமதரையே வேணாமே! எங்க தோட்டத்துக்கு வாங்க” என்றான்.

ஹந்தானைச் சாரலிலே அவனது லயம். அங்கே பிரட்டுக்களம் ஒன்றே சமதரை. அதிலும் பெரிய பையன்கள் கிரிக்கெட் ஆடுவர், சிறுவருக்கு இடமில்லை. பந்து சரிவில் உருண்டு கானில் விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இத்தனை ஆண்டுகள் அவனுக்குப் பாடம் சொல்லியும், அவன் எங்கே விளையாடி வளர்ந்தான் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

தோட்டத்தில் அனுமதி பெற்று, மானாப்புல் வெட்டிய சரிவொன்றில் கம்பு நாட்டினோம். அவனுடைய அன்னையார் பழைய கொழுந்துக் கூடை ஒன்றைத் தந்தார். “செடிய மிதிக்காதீங்க” என்பதொன்றே அவர் விதித்த நிபந்தனை.

தட்டைக் கிடையாகப் பிடித்து, மார்புக்குக் குறுக்கே இழுத்து, மணிக்கட்டைச் சுண்டி விடுதல் வேண்டும். சுழற்சியே அதை நிலைநிறுத்துகிறது. சுழற்சி தளர்ந்ததும், வலக்கையால் இவ்வாறு எறிந்த தட்டு இடப்புறம் சாயும். இவற்றையெல்லாம் விளக்கி நாம் எறிந்த முதல் தட்டு விளிம்பிலே நின்று, சக்கரம்போல் உருண்டு, தேயிலைக்குள் மறைந்தது! தேடி எடுக்க அரைமணி நேரமாயிற்று.

மாலைக்குள் லயத்துச் சிறுவர் பதின்மர் கூடிவிட்டனர். பிரட்டுக்களத்தில் ஒருபோதும் இடம் பெறாத அவன் தங்கை, நான்காம் எறியிலே கூடைக்குள் தட்டை விழுத்தினாள். நாம் ஏழு எறிந்தோம். அடுத்த போயாவுக்கு இன்னும் இரண்டு கூடைகள் தேடிவைப்பதாக அன்னையார் சொல்லியிருக்கிறார்.