இ.சி.யில் வராத பெயர்கள்

திங்கள்

சேலையூரில் அரை கிரவுண்டு மனை, 1,200 சதுர அடி. அதன்மேல் பழைய ஒற்றை மாடி வீடு. வாங்க வந்த தம்பதிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மனைவி பள்ளி ஆசிரியை. அடுப்படி ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லைக் காட்டி, "இதை எடுத்துடாதீங்க சார், அப்படியே இருக்கட்டும்" என்றார். வாங்குபவர் இப்படிப் பேச ஆரம்பித்தால் மனதளவில் குடிவந்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டைக் காட்டிய முகவருக்கும் அது தெரியும். சாயங்காலமே டோக்கன் அட்வான்ஸ் கைமாறியது.

விற்பவர் என்று வந்து நின்றவர் அந்த வீட்டு மகன். சாவி அவரிடம், ஈ.பி. கார்டு அவரிடம், சொத்து வரி ரசீது அவர் பெயரில். "சிங்கிள் ஓனர், டைட்டில் கிளியர்" என்று பார்ட்டியிடம் சொல்ல முகவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வரி ரசீதோ மின் இணைப்போ உரிமைக்குச் சான்றாகாது என்பது இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். கையில் வியாபாரம் சூடாக இருக்கும்போது அதுதான் முதலில் மறந்துபோகிறது.

செவ்வாய்

முகவர் பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். அடமானம் இல்லை, வேறு விற்பனை இல்லை. நிம்மதியாகிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வில்லங்கச் சான்றில் (இ.சி.) வரும். உரிமையாளர் இறந்துபோனது அதில் வராது. பதிவு செய்யாத உயிலும் வராது. இரண்டு சாட்சிகள் முறைப்படி கையெழுத்திட்டிருந்தால் பதிவாகாத உயிலும் செல்லும். சுத்தமான இ.சி. என்பது "பத்திரம் எதுவும் பதிவாகவில்லை" என்பதற்கான தகவல், அவ்வளவுதான். "இந்த வீட்டில் வேறு யாருக்கும் பங்கில்லை" என்று அது எங்கேயும் சொல்வதில்லை.

வெள்ளி

தம்பதி வீட்டுக்கடன் கேட்ட வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கிரயம் அப்பா பேர்ல இருக்கு. அப்பா எங்கே?"

அப்பா காலமாகிவிட்டார். உயில் எழுதவில்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்கள்: மனைவி, மகன், இரண்டு மகள்கள். நான்கு பேருக்கும் சம பங்கு.

பெண்களுக்குப் பங்கு என்றதும் வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தையும், தமிழ்நாடு அதற்கு முன்பே 1989இல் கொண்டுவந்த திருத்தத்தையும் எல்லோரும் சொல்வார்கள். அவை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றியவை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்துபோனால், மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு என்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. அத்தனை வருடம் பழைய விதி. இருந்தும் சென்னைப் புறநகரில் இன்றும் வீடு விற்க வரும் அண்ணன் தம்பிகள், "அக்காவுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கேட்கும் முகவரும் தலையாட்டிக்கொள்கிறார்.

மறு திங்கள்

மூத்த மகள் கோயம்புத்தூரில்; உடனே சம்மதித்துவிட்டார். இளையவர் மஸ்கட்டில். முகவர் அழைத்தபோது அவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"அண்ணனும் சொல்லல, நீங்களும் கேக்கல. எங்கப்பா வீட்டை விக்கிறதை வக்கீல் லிஸ்டைப் பார்த்துத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா சார்?"

அவர் விற்பனைக்கு எதிரி இல்லை. முன்கூட்டி ஒரு போன் வந்திருந்தால் அன்றே சரி என்றிருப்பார். இப்போது யோசிக்க அவகாசம் கேட்டார். அது நியாயம்தான். அவர் ஒப்புக்கொண்டாலும் அங்கிருந்து பொது அதிகாரப் பத்திரம் வந்தாக வேண்டும்: இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்று, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத்தீர்வை.

வாங்கும் பக்கத்தின் நெருக்கடி வேறு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீதியும், முத்திரைத்தீர்வை 7 சதவீதமும், பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கைப்பணம். அதற்காக வைப்புத்தொகையை உடைத்து, நகையை அடகு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடுகிறது. ஜூனில் பள்ளி திறப்பு.

மே கடைசி

தம்பதி மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். டோக்கன் திரும்பியது. கைநழுவிய வியாபாரத்துக்கு முகவர்கள் முதலில் சொல்லும் காரணம் விலை. இங்கே விலையில் ஒரு ரூபாய்க்குக்கூடத் தகராறு இல்லை. மஸ்கட் மகளின் சம்மதம் அதற்குப் பிறகு வந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்தான். ஆனால் அது அச்சட்டத்தின்கீழ் பதிவான திட்டங்களில் மனை, வீடு விற்பதற்கு. ஒரு பழைய தனிவீட்டைக் கைமாற்றும்போது, குடும்பத்தில் யார் யாருக்குப் பங்கு என்று விசாரிக்கும்படி முகவரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. அவராகத்தான் கேட்க வேண்டும். இதை வக்கீல் வேலை என்று தள்ளிவிடுவது சரியில்லை. வக்கீலிடம் காகிதம் போவதற்குள் ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துவிடுகிறது.

ஜூலை

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேறொரு வீடு. முகவர் இப்போது செல்போனில் படம் எடுப்பதற்கு முன் நோட்டை எடுக்கிறார். பத்திரம் யார் பெயரில், அவர் இருக்கிறாரா, எப்போது தவறினார். பிறகு உரிமையாளரின் மகனைத் திகைக்க வைக்கும் ஒரு கேள்வி: "அப்பா தவறினப்போ பாட்டி இருந்தாங்களா?"

இருந்தார்களாம், அடுத்த வருடம்தான் போனார்கள். அப்படியானால் தன் மகன் விட்டுப்போன சொத்தில் பாட்டிக்கும் ஒரு பங்கு. உயில் எழுதாமல் அவரும் போனதால், அந்தப் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரிகிறது.

"சித்தப்பாவுக்கெல்லாம் எதுக்கு சார் போன் பண்ணணும்?" என்று கேட்டவரை உட்கார வைத்து, முகவர் தாளில் கட்டம் போட்டு விளக்கினார். இரண்டு சித்தப்பாக்களிடமும் தஞ்சாவூர் அத்தையிடமும் பேசிய பிறகே விளம்பரம் என்று முடிவாகியிருக்கிறது. அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதுமா, விற்பனைப் பத்திரத்திலேயே சேர்ந்து கையெழுத்திடுவது நல்லதா என்று கேட்க, வக்கீலிடம் நாளை மாலை நேரம் வாங்கி வைத்திருக்கிறார்.