ரெண்டு பக்கமும் கேட்டுட்டுப் பேசும்

தென்காசியில் மாமா நடத்திய ஒலிப்பதிவுக் கடையில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. கேசட் டப்பாவுக்குள் மடித்துச் செருகும் அட்டையில் பாட்டுகளின் பெயரை எழுதுவது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். படத்தின் பெயர் சிவப்பு மையில், பாடியவர் பெயர் நீலத்தில். அறுபது நிமிட நாடா என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு. பக்கம் முடிய ஒன்றரை நிமிடம் மிஞ்சினால் அதில் எதைப் போடுவது என்று மாமா வெகுநேரம் யோசிப்பார். காசு கொடுத்தவருக்கு வெறும் நாடா ஓடக் கூடாது என்பார். ஏதாவது ஒரு படத்தின் முகப்பிசையைத் தேடி எடுத்து, நேரம் பார்த்து அங்கே பதிவார்.

இப்படிப் பதிந்து கொடுப்பது கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்காத தொழில். அசல் கேசட்டிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஒரு படத்தின் பாட்டெல்லாம் வேண்டாம், பல படங்களிலிருந்து பிடித்த பன்னிரண்டு மட்டும் வேண்டும் என்கிறவருக்கு எங்கள் ஊரில் வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு எவை என்பதில்தான் கடையில் தினமும் சண்டை.

சண்டைக்கு நிலையான ஆட்கள் இருந்தார்கள். எதிர்வரிசையில் தையல் கடை வைத்திருந்த அண்ணாச்சி இளையராஜாவின் ஆள். பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் புதிதாக எது வந்தாலும் அதன் ஆள். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்தைத் தாண்டி வர மனமில்லாதவர். ஆனாலும் எல்லாப் புதுக் கேசட்டையும் பெஞ்சில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பார். மாமா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம். புதுக் கேசட்டைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், “ரெண்டு பக்கமும் கேட்டுட்டுப் பேசும் வே” என்பார். கேட்காதவர்கள் பெஞ்சில் உட்காரலாம், பேசக் கூடாது.

1992 சாரல் காலத்தில்தான் அந்தச் சட்டத்துக்கு உண்மையான வேலை வந்தது. முந்தின ஆண்டு தீபாவளிக்கு தளபதியும் குணாவும் ஒரே நாளில் வந்திருந்தன. இரண்டுக்கும் இசை ராஜா. தையல் கடை அண்ணாச்சி அந்த வாரம் முழுக்க ராஜநடை நடந்தார். அடுத்த சில மாதங்களில், தளபதி எடுத்த அதே மணிரத்னம் அடுத்த படமான ரோஜாவுக்கு ராஜாவிடம் போகவில்லை என்று பத்திரிகைகளில் வந்துவிட்டது. தயாரிப்பு பாலசந்தரின் கவிதாலயா. இசை, விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்த ரகுமான் என்ற ஓர் இளைஞன். கதையில் கதாநாயகிக்குச் சொந்த ஊர் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் சுந்தரபாண்டியபுரம் என்பது வேறு சேர்ந்துகொள்ள, கேசட் வரும் முன்பே ஊருக்குள் ரோஜா வந்துவிட்டது. பார்க்காத படத்தைப் பார்த்தவர்போலப் பேசினார்கள். பாலிடெக்னிக் அண்ணன் கேட்காத பாட்டைப் பாடியே காட்டினார்.

“பில்டப்பு. எல்லாம் பில்டப்பு” என்றார் அண்ணாச்சி. “விளம்பரத்துக்கு மெட்டு போடுதவன் முப்பது செகண்டுக்குப் போடுவான். அஞ்சு நிமிசம் தாங்குவானா?”

“வரட்டும் அண்ணாச்சி. வந்ததும் கேளுங்க.”

“கேக்கத்தான் போறேன். விட்டுருவேனா?”

கேசட் வந்த அன்றைக்கு மாமா கடைக் கதவில் ஒன்றைச் சாத்திவைத்தார். மழைக்காக என்றார், கூட்டத்துக்காகத்தான். முதல் பாட்டு மின்மினி பாடியது. எனக்கு அப்போது ஆறாம் வகுப்பு. அந்தப் பாட்டில் ஒரு பெண் தனக்கு வேண்டியதையெல்லாம் வெட்கமில்லாமல் அடுக்கிக்கொண்டே போவது எனக்குப் பிடித்துவிட்டது. அட்டையில் எழுத வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. ஆனால் கடையில் யாரும் மெட்டைப் பற்றிப் பேசவில்லை. சத்தத்தைப் பற்றிப் பேசினார்கள். அடியில் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. மாமாவின் ஸ்பீக்கர் பெட்டிகள் அதைத் தாங்காமல் அதிர, அவற்றின் மேல் வைத்திருந்த காலி டப்பாக்கள் நகர்ந்தன.

இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும். ஊரில் நடந்த சண்டையில் பாதி இசையைப் பற்றியதே அல்ல, கேட்கிற கருவியைப் பற்றியது என்பது எனக்கு அந்தக் கடையில்தான் விளங்கியது. அண்ணாச்சியின் தையல் கடையில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த பழைய டேப் ரிக்கார்டர். ராஜாவின் பாட்டு அதில் ஜம்மென்று இருக்கும். குரலும் புல்லாங்குழலும் வயலின்களும் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு எட்டுகிற உயரத்திலேயே இருக்கும். டீக்கடைப் பெட்டியிலும், பஸ்ஸின் பின்சீட்டிலும், கல்யாண வீட்டுக் குழாயிலும் பாட்டு முழுதாகவே வந்து சேரும். ரோஜாவை அதே ஸ்பீக்கரில் போட்டால் உருண்ட அடிச்சத்தம் காணாமல் போய்விடும். மேலே கண்ணாடி மணி உடைகிற மாதிரிச் சின்னச் சின்ன ஒலிகளும் தேய்ந்துவிடும். மிஞ்சுவது பாட்டின் எலும்பு. ஆகவே அண்ணாச்சி தன் கடையில் கேட்டுவிட்டு, “ஒண்ணுமில்ல வே, வெறும் கூடு” என்று சொன்னது அவர் காது அறிந்த உண்மை. பாலிடெக்னிக் அண்ணன் விடுதித் தோழனின் ஹெட்போனில் கேட்டுவிட்டு, “தலைக்குள்ள ஒரு ஊரே இருக்கு” என்றதும் உண்மை.

மாமாதான் இதைக் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் உட்காரவைத்து, டெக்கின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சாரல் காலத்து ஈரத்தில் நாடாவில் பூசணம் பூத்து ஒலி மங்கிவிடும் என்பதால் அசல் கேசட்டையே எடுத்துப் போட்டார். முதலில் தளபதி, பிறகு ரோஜா. ஒரே டெக், ஒரே ஒலியளவு. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பாஸ் கிடார் நல்லா இருக்கு. ஆனா ராஜாகிட்ட சசி வாசிக்கது தனியா ஒரு பாட்டாட்டம் நடந்து போகும். இது ஒரே எடத்துல நின்னு ஆடுது” என்றார்.

அது எனக்குப் பெரிய செய்தி. அதுவரை பாட்டு என்றால் பாடுகிறவரும் வரிகளும்தான். அடியில் ஒருவர் தனியாக நடந்துபோகிறார் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்றிரவு தளபதியை மறுபடி போடச் சொல்லி, குரலை விட்டுவிட்டு அந்த நடையை மட்டும் பிடிக்கப் பார்த்தேன். பிடிபட்டது. பிடிபட்டபின் விடவே இல்லை. இன்றும் எந்தப் பாட்டையும் கீழிருந்துதான் கேட்கிறேன்.

சொந்தச் சரக்கா என்ற கேள்வி அடுத்து வந்தது. கீபோர்டு வாசிக்கிறவன், கம்ப்யூட்டர்காரன், அடுக்கி ஒட்டுகிறவன் என்பது அண்ணாச்சி கட்சியின் குற்றச்சாட்டு. அதற்குப் பதில் அண்ணாச்சியிடமே இருந்தது. திலீப்பாக இருந்தபோது அதே ரகுமான் ராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர் என்பதும், 1986இல் புன்னகை மன்னனிலேயே ராஜா கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டார் என்பதும், ஸ்டீரியோ என்றால் என்னவென்று 1978இல் பிரியாவில் காட்டியவர் அவர்தான் என்பதும் அண்ணாச்சி பெருமையாகச் சொல்கிற கதைகள். “அப்ப கருவி மேல குத்தமில்லல்லா அண்ணாச்சி?” என்று பாலிடெக்னிக் அண்ணன் மடக்கினார். அண்ணாச்சி எழுந்து போய்த் தன் கடையிலிருந்து ‘ஹவ் டு நேம் இட்’ கேசட்டை எடுத்து வந்தார். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் ராஜா காணிக்கையாக்கிய ஆல்பம். “கருவி இல்ல வே, இது. இதை ஒருத்தன் யோசிக்கணும்” என்றார். வரிகளே இல்லாத அந்த இசையை முழுதாகக் கேட்டபோது எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் இரண்டு வயலின் வரிசைகள் ஒன்றையொன்று துரத்திப் போவது தெரிந்தது.

வாத்தியார் அன்றைக்கு வாய் திறந்தார். “ராஜாவோட அன்னக்கிளி வந்த வருசம் நான் இதே மாதிரி ஒரு பெஞ்சுல உக்காந்து, இது கிராமத்துக் கொட்டு, சங்கீதமில்லன்னு சண்டை போட்டேன். எனக்கு இன்னமும் விஸ்வநாதன்தான் உசத்தி. அது மாறாது. ஆனா உம்ம வாயிலேர்ந்து என் பழைய வார்த்தை வருது பாரும், அது கேக்கச் சங்கடமா இருக்கு.” அண்ணாச்சிக்கு அது தைத்திருக்க வேண்டும். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் என்ற சொல்லை அவர் வசவாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

1993இல் தேசிய விருது அறிவித்தார்கள். இசைக்கு ரோஜா. முந்தின ஆண்டு ராஜா இசையில் வந்த தேவர் மகனுக்காக ஜானகிக்குப் பாடகி விருது கிடைத்தது. வைரமுத்துவுக்கு ரோஜாவின் பாட்டுக்காகக் கிடைத்தது. அண்ணாச்சி ஜானகி விருதைப் பற்றி மட்டும் பேசினார். இசை விருதுக்கு நடுவர் குழுவில் ரோஜாவுக்கும் தேவர் மகனுக்கும் வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன, தலைவர் பாலு மகேந்திரா ரோஜா பக்கம் வாக்களித்தார் என்பது எங்களுக்குப் பல ஆண்டு கழித்தே தெரிந்தது. தன் படங்களுக்கு ராஜாவையே விடாமல் வைத்துக்கொண்டவர் அவர். இரண்டையும் முழுதாகக் கேட்டு, தன் பிரியத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றுக்குக் கை தூக்குவது எவ்வளவு கடினமான காரியம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மாமா கடைப் பெஞ்சில் யாருக்கும் அது முடிந்ததில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் ரகுமான் இசையில் கிழக்குச் சீமையிலே வந்தது, அதுவும் பாரதிராஜா படம். ‘டவுன்காரனுக்குக் கிராமம் வராது’ என்ற வாதம் அதோடு தீர்ந்தது. திருடா திருடாவில் ஷாகுல் ஹமீது பாடிய ஒரு பாட்டில் வாத்தியமே இல்லை. சுற்றிலும் குரல்கள் மட்டும். அதை அட்டையில் எழுதும்போது மாமா, “அண்ணாச்சி வந்தா இதை மட்டும் போடு” என்றார். போட்டேன். அண்ணாச்சி துணிக்கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார். “நல்லாருக்குன்னு நான் சொல்லல. ஆனா இன்னொரு வாட்டி போடு” என்றார். ரகுமானைக் கொண்டாடிய எத்தனையோ பேரைவிட அதிகமாக அவர்தான் ரகுமானைக் கேட்டார் என்று நான் உறுதியாகச் சொல்வேன். குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு மூலையையும் பார்த்தாக வேண்டும் அல்லவா.

இரு கட்சியும் கைகோத்து நின்ற இடம் ஒன்றே ஒன்று: தேவா. அண்ணாமலையும் பாட்ஷாவும் ஊரையே ஆட்டிவைத்த காலம். ஆனாலும் கடைப் பெஞ்சில் தேவா என்றாலே சிரிப்பு. மெட்டைக் கேட்டதும் இது எந்தப் பழைய பாட்டு என்று துப்புத் துலக்குவது ஒரு விளையாட்டாகவே நடந்தது. 1995இல் தேவா இசையில் ஆசை வந்தது. படத்தைத் தயாரித்ததே மணிரத்னம், இயக்கம் வசந்த். நான் ஒன்பதாம் வகுப்பு. அசல் கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்துக் கேட்டேன். மறுநாள் மாமாவிடம் எனக்கென்று ஒரு கேசட் கேட்டேன், முதல் முறையாக. முதல் பாட்டே ஆசையில் சித்ரா பாடியது.

மாமா நாடாவை எடுத்துக் கொடுத்தார். பெஞ்சிலிருந்துதான் குரல் வந்தது.

“ஏ புள்ள, உனக்கு நாங்க இம்புட்டு வருசமா என்ன சொல்லித் தந்தோம்?” என்றார் அண்ணாச்சி.

“ரெண்டு பக்கமும் கேட்டீங்களா அண்ணாச்சி?”

பாலிடெக்னிக் அண்ணன் அப்போது படிப்பு முடிந்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். “பிடிக்கறது வேற, நல்லா இருக்கறது வேற. எதுக்குப் பிடிக்குதுன்னு சொல்லு” என்றார்.

சொன்னேன். சித்ரா பாட்டைத் தொடங்குகிற இடத்தில் பின்னணி விலகி அவருக்கு இடம் விடுகிறது என்றேன். ஹரிஹரன் பாடியதில் இழுப்புகள் எல்லாம் கடைசி எழுத்தில் விழாமல் நடுவில் விழுகின்றன, அதனால் அடுத்த வரிக்காக மனம் காத்திருக்கிறது என்றேன். அடியில் நடக்கிற ஆள் இந்தப் பாட்டுகளில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் பிடிக்கிறது என்றேன். வாத்தியார் தன் பழைய பையைத் தட்டிச் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. என்னைப் பெரிய ஆளாக எண்ணிச் சண்டைக்கு வந்தார். பின்னணி விலகுகிறது என்றால் எந்த இடத்தில், போட்டுக் காட்டு என்றார். போட்டேன். விலகவில்லை, குறைகிறது என்றார். குறைவதுதான் விலகுவது என்றேன். மாமா கடையைச் சாத்துகிற நேரமாகியும் நாடாவைப் பின்னால் ஓட்டி ஓட்டி அதே இடத்தைக் கேட்டோம்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி, ஆசை கேசட்டை இரவல் கேட்டார். ஒரு வாரம் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது, “நீ சொன்ன பாட்டு சுமார். ஆனா உன்னிகிருஷ்ணனும் அந்தப் புதுப் பொண்ணும் பாடினது தேறும்” என்றார். அனுராதா ஸ்ரீராம் பாடியது எனக்கு அவ்வளவாகப் பிடித்திருக்கவில்லை, சொன்னேன். அவர் டப்பாவைத் திறந்து கேசட்டை மறுபடி டெக்கில் செருகி, “வா, உக்காரு” என்றார்.