கொம்பும் ககரமும்

கணினித் தொழில்நுட்பச் செய்திகள் நமக்கு உரியனவல்ல என்று தமிழாசிரியர்களாகிய நாம் ஒதுங்கிவிடுகிறோம். அவற்றுள்ளும் இலக்கணம் உண்டு. பழைய 8 பிட் எழுத்துருக்கள் 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. 1991இல் வந்த யுனிகோடு ககரத்தை முதலிலும் ஒகரக் குறியைப் பின்னரும் வைத்தது. உயிர்மெய்யில் மெய் முன், உயிர் பின் என்ற தொல்காப்பியர் நெறியும் அதுவே.

2010இல் தமிழக அரசும் யுனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குமுன் பல எழுத்துருக்களில் நாம் தட்டச்சிட்ட கட்டுரைகளோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற உரோமன் குறிகளாய் நிற்கின்றன. ஓலையைச் செல் அரிக்கும். இவை அரிபடாமலே வாசிப்பை இழக்கின்றன. மாற்றி மென்பொருள்கள் உள்ளன. ஆனால் கோப்பு எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதைப் பெரும்பாலும் நாமே சொல்ல வேண்டும். அதை அறிந்தவர் வேறெவரும் இலர். நாம் இருக்கும்போதே அக்குறுந்தகடுகளைத் திறந்துவிட வேண்டும்.