சக்கரத்துக்குப் பூட்டு

பிரெஞ்சில் 'சபோ' என்றால் மரத்தில் குடைந்த செருப்பு. குடியானவர்கள் சேற்றில் நடக்கப் போட்டுக்கொள்வது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. காரின் சக்கரத்தில் மாட்டுகிறார்களே இரும்புப் பூட்டு, அதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் இதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: 'டென்வர் சபோ'. டென்வர் அமெரிக்காவில் உள்ள நகரம். அந்த ஊர் சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்த ஃபிராங்க் மருக் என்பவர் செய்த பூட்டு அது. அபராதம் கட்டாமல் டிமிக்கி கொடுப்பவர்களைப் பிடிக்க, 1955-இல் டென்வர் போலீசார் அதை முதலில் மாட்டினார்கள். அதாவது, பிறந்தபோது அது அரசாங்கத்தின் கையில் இருந்த பூட்டு.

தனியார் கைக்குப் போனால் அது என்ன ஆகும் என்பதை 2008-இல் இங்கிலாந்தில் பார்த்தேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். கடைத்தெருவில் என் மனைவிக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றியது. மாப்பிள்ளை ஒரு கடையின் பின்புறம் காலியாகக் கிடந்த இடத்தில் காரை நிறுத்தினார். மருந்துக் கடையில் உட்காரவைத்து, குளுக்கோஸ் கொடுத்து, அழைத்து வந்தோம். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. பக்கத்தில் இரண்டு ஆட்கள்.

120 பவுண்டு, ரொக்கமாக. தாமதமானால் வண்டியை இழுத்துப் போவோம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அறிவிப்புப் பலகை இருந்தது, சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே. "உடம்பு சரியில்லாத மனுஷியைப் பாருங்கள்" என்று மாப்பிள்ளை சொன்னதை அவர்கள் காதில் வாங்கவில்லை. யாரிடம் முறையிடுவது என்று நான் கேட்டேன். ரசீதில் இருக்கும் முகவரிக்கு எழுதலாம் என்றான் ஒருவன். அது அவர்கள் கம்பெனியின் முகவரி!

"விடுங்க மாமா, முதல்ல அத்தைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்று மாப்பிள்ளை ஏ.டி.எம். தேடி ஓடினார்.

பணம் போனதைவிட வேறொன்று எனக்கு உறுத்தியது. முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். ஒருவரிடம் பத்து ரூபாய் அபராதம் வாங்க வேண்டுமென்றால்கூட, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு, ஆணையிடும் அதிகாரி யார், ரசீது எண் என்ன, அவருக்கு மேலே யாரிடம் முறையிடலாம் என்று கோப்பில் இருக்க வேண்டும். வாங்கிய பணம் கருவூலத்துக்குப் போகும், என் சட்டைப் பைக்கு அல்ல. அங்கே குற்றம் சாட்டியவன், தீர்ப்புச் சொன்னவன், பணம் வாங்கியவன், லாபம் பார்த்தவன் எல்லாம் ஒரே ஆள்.

இதே நாட்டில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் 1992-இலேயே, தனியார் இடத்தில் காரைப் பூட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதும் திருட்டும் ஆகும் என்று சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. பூட்டுப் போடும் ஆட்களுக்கு உரிமம் வேண்டும் என்று மட்டும் வைத்தார்கள். கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. உரிமம் இருந்தால் மனசாட்சி வந்துவிடுமா? கடைசியில் 2012-இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் காரைப் பூட்டுவதும் இழுத்துப் போவதும் குற்றம். பக்கத்து அயர்லாந்து வேறு வழியில் போனது. பூட்டைத் தடை செய்யாமல், 2015-இல் சட்டம் போட்டு, கட்டணத்துக்கு வரம்பும் மேல்முறையீடும் வைத்தது. பிரான்சிலோ நில உரிமையாளர் தானாகப் பூட்ட முடியாது. போலீஸ் அதிகாரியிடம் கேட்டுத்தான் வண்டியை அகற்ற வேண்டும்.

இங்கிலாந்தில் பூட்டுப் போனது, கடிதம் வந்தது. அதே 2012 சட்டம், ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் பதிவுதாரரிடமே பணம் கேட்கலாம் என்று நிறுவனங்களுக்கு ஒரு வழியும் திறந்தது. 2.50 பவுண்டு கட்டினால் வாகனப் பதிவு அலுவலகம் பெயரையும் முகவரியையும் கொடுத்துவிடும்.

2016-இல் மறுபடி போயிருந்தபோது மகளுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. வணிக வளாகத்தில் இரண்டு மணி நேரம் இலவசம். நீங்கள் 17 நிமிடம் கூடுதலாக இருந்தீர்கள். 100 பவுண்டு கட்டவும். 14 நாளுக்குள் கட்டினால் 60. "கட்டித் தொலைச்சிடலாம்பா" என்றாள் மகள். நான் படங்களை வாங்கிப் பார்த்தேன். கேமரா பிடித்தது உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும். இடம் தேடிச் சுற்றியதும், வெளியே வர வரிசையில் நின்றதும் அதில் சேர்ந்திருந்தன. கடை பில்லில் இருந்த நேரத்தைக் காட்டி ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் மறுத்தது. தனி அமைப்பிடம் மேல்முறையீடு செய்தோம். அங்கே தோற்றால் தள்ளுபடி போய் முழு நூறும் கட்ட வேண்டும். மகள் பயந்தாள். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது.

நிறுவனங்கள் எப்போதும் தோற்பதில்லை. 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், செம்ஸ்ஃபோர்டில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்திய ஒருவர் 85 பவுண்டு கட்டத்தான் வேண்டும் என்றது. பலகைகள் பெரிதாக, தெளிவாக இருந்தன. இடம் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது நியாயமான நோக்கம் என்றது. நான் அதை ஒப்புக்கொள்கிறேன். இடத்துக்காரருக்கும் உரிமை உண்டு. சனி, ஞாயிறில் வெளியூர்க் கார்கள் நம் வீட்டு வாசலை மறித்து நிற்கும்போது புதுச்சேரிக்காரர்களான நமக்கு அந்த எரிச்சல் தெரியாதா? அதனால்தானே பலர் கேட்டில், 'வண்டி நிறுத்தினால் காற்று இறக்கப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஆனால் காற்று இறக்கிய வண்டிக்காரர் யாரோ ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவராக இருக்கலாம். தண்டிப்பவருக்கு மேலே இன்னொருவர் இருந்தால்தான் அது தண்டனை. இல்லாவிட்டால் வெறும் கோபம், அல்லது வியாபாரம். என் வீட்டு கேட்டில் தொலைபேசி எண்ணை எழுதியிருக்கிறேன். 'வாசலை மறிக்க வேண்டாம், அவசரமென்றால் கூப்பிடுங்கள்' என்று. இதுவரை பாதிப் பேராவது கூப்பிட்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்குப் போலீஸ் இருக்கிறது.