பட்டன் செக் பண்ணிட்டியா மச்சான்?

பதினஞ்சு வருஷமா மனசுல உறுத்திக்கிட்டிருக்கிற ஒரு திருட்டுத்தனத்தை இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன் மக்களே.

2010 பொங்கல் லீவு. எங்க ஊரு அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையில மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. நானும் மாமா பையனும் ஒரே சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சு டவுனுக்குள்ள இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம். மணிக்கு இருபது ரூபா. வீட்டுல ப்ராஜெக்ட் வேலைன்னு சொல்லிட்டு விளையாடறது டெக்கன் 3. 1997ல ஆர்கேட் மெஷினுக்கு வந்த கேமை, எமுலேட்டர் புண்ணியத்துல கம்ப்யூட்டர்ல ஓட்டிட்டிருந்தோம். ஜாய்ஸ்டிக் எல்லாம் கிடையாது. ஒரே கீபோர்டு, இடது பாதி அவனுக்கு, வலது பாதி எனக்கு.

அவன் ஹ்வோராங் எடுத்தா ஏரியாவுல யாரும் நிக்க முடியாது. உதைக்கிற கால் தரையில படறதே தெரியாது. நான் எடி. தெரிஞ்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும், கையில கிடைச்ச பட்டனையெல்லாம் குத்தறவன் எடுக்கிற ஆளு :-)

சென்டர் அண்ணன் எட்டு பேரை வெச்சு போட்டி நடத்தினார். தலைக்குப் பத்து ரூபா. ஜெயிச்சா அஞ்சு மணி நேரம் ஃப்ரீ. ஃபைனல்ல நானும் அவனும். கடைசி ரவுண்டுல எனக்கு உயிர் துளியூண்டுதான் பாக்கி. அப்போ நான் மூணு கீயைச் சேர்த்து அமுக்கிப் பிடிச்சேன். அவன் உதைச்சான். உதை விழலை. மறுபடியும் உதைச்சான், விழலை. நான் ஜெயிச்சிட்டேன்.

விலை கம்மியான கீபோர்டுல ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாதுங்க. வரிசையும் பத்தியுமா கட்டம் போட்டு இணைச்சிருப்பாங்க. சில மூணு கீயைச் சேர்த்து அமுக்கினா, நாலாவதா ஒண்ணு அமுங்குதா இல்லையான்னு அதால கண்டுபிடிக்க முடியாது, அதனால கண்டுக்காம விட்டுடும். இந்தக் காரணமெல்லாம் காலேஜ்லதான் தெரிஞ்சது. ஆனா எந்த மூணு கீன்னு முந்தின வாரமே எனக்குத் தெரியும். 'கீபோர்டு வேலை செய்யலைண்ணே'ன்னு அவன் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவன் அந்தப் பக்கமே வரலை.

இவோ போட்டிகளை யூட்யூப்ல பார்க்க ஆரம்பிச்சப்போதான் இது ரொம்பக் குத்துச்சு. 1996ல கலிஃபோர்னியாவுல சின்னதா ஆரம்பிச்சது, இப்போ சண்டை கேம்களுக்குத் திருவிழா மாதிரி. 2004 இவோவுல டைகோ உமேஹரா ஆடினதைப் பார்க்காதவங்க பார்த்துடுங்க. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3. அவரோட கென்னுக்கு உயிர் ஒரு கோடு மாதிரிதான் இருக்கு. தடுத்தாக்கூட போயிடும். எதிர்ல ஜஸ்டின் வாங், சுன் லியை வெச்சு பதினஞ்சு உதை வரிசையா விடறார். ஒவ்வொரு உதைக்கும் சரியான நொடியில முன்பக்கம் ஒரு தட்டு. பதினஞ்சையும் வாங்கித் திருப்பி அடிச்சு ஜெயிச்சார். (ஃபைனல்ல அவர் தோத்துட்டார்ங்கிறது நிறைய பேருக்கு ஞாபகமே இல்ல!) அதுல ஒரே ஒரு தட்டு பதிவாகாம போயிருந்தா? எனக்கு உடனே மச்சான் மூஞ்சிதான் வந்துச்சு.

போன பௌர்ணமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அவன் இப்போ கிரிவலப் பாதையில ஆட்டோ ஓட்டறான். ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் ஆட்டோல உக்காந்து, லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் 2019ல லாஸ் வேகாஸ்ல கொரியாவோட நீயை ஜெயிச்ச டெக்கன் 7 ஃபைனலை என் மொபைல்ல போட்டேன். அவனவன் தன் கன்ட்ரோலரைத் தானே கொண்டு வர்றதையும், மேட்ச்சுக்கு முன்னாடி பட்டன் எல்லாம் வேலை செய்யுதான்னு அமுக்கிப் பார்க்கிறதையும் சொன்னேன். அப்படியே 2010 கதையையும் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "தெரியும்டா" அப்படின்னான். "அடுத்த நாளே போய் ஒவ்வொரு கீயா அமுக்கிப் பார்த்தேன். உன்கிட்ட கேட்டா நீ இல்லைன்னு சொல்லிடுவியோன்னுதான் கேக்கலை."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. பேச்சை மாத்த, 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 தங்கம் வாங்கின கொரியாவோட கிம் க்வான்-வூவுக்கு வயசு 44ன்னு சொன்னேன். நம்ம நாட்டுலேர்ந்தும் மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ்னு ரெண்டு பேர் அதுல ஆடினாங்கன்னும் சொன்னேன்.

"நாப்பத்தி நாலா? அப்போ எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு"ன்னு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான். "அடுத்த தடவை வரும்போது ரெண்டு கீபோர்டா எடுத்துட்டு வா."

ஆர்டர் போட்டாச்சு. நேத்துதான் வந்து சேர்ந்துச்சு.