அசம்பிள்ட் சிஸ்டம்: புதுச்சேரியின் ஒரு கைத்தொழில்

புதுச்சேரியில் கம்ப்யூட்டர் தயாராகிறது என்றால் வெளியூர் நண்பர்கள் வியப்போடு பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் கடற்கரைச் சாலையும் மஞ்சள் சுவர் வீடுகளும்தான். ஆனால் தொழிற்பேட்டைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு வேறொரு புதுச்சேரி தெரியும். தொழிலில் பின்தங்கிய மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 1993 ஏப்ரலுக்குப் பிறகு உற்பத்தியைத் தொடங்கும் ஆலைகளுக்கு, முதல் ஐந்தாண்டுகளுக்கு வருமான வரி விலக்கை மத்திய அரசு அளித்தது. அந்தப் பட்டியலில் பாண்டிச்சேரியும் இருந்தது. விற்பனை வரிச் சலுகையும் சேர்ந்துகொள்ள, எச்.சி.எல். சேதராப்பட்டுக்கு வந்தது. விப்ரோ, ஏசர், ஐ.பி.எம். ஆகியவையும் அடுத்தடுத்து இங்கே கம்ப்யூட்டர் ஆலைகளை வைத்தன.

அந்தக் காலத்தின் தடயம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில்கூடப் பதிந்திருக்கிறது. பாண்டிச்சேரி கலால் ஆணையருக்கும் ஏசர் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு அது. கம்ப்யூட்டருக்குள் ஏற்றி விற்கும் ஆபரேட்டிங் சாஃப்ட்வேரின் விலையையும் சேர்த்துத்தான் கம்ப்யூட்டருக்குக் கலால் வரி போட வேண்டுமா என்பது கேள்வி. சேர்க்க வேண்டியதில்லை என்று 2004 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இயந்திரம் வேறு, அதில் ஓடும் மென்பொருள் வேறு என்று சட்டம் தெளிவாகப் பிரித்த இடங்களில் அதுவும் ஒன்று. அதற்குக் காரணமானவை நம் ஊரிலிருந்து போன பெட்டிகள்.

2005இல் ஐ.பி.எம்.மின் கம்ப்யூட்டர் பிரிவு லெனோவோவின் கைக்குப் போனது. 2013இல் எச்.சி.எல்., விப்ரோ இரண்டுமே கம்ப்யூட்டர் உற்பத்தியிலிருந்து விலகுவதாக அறிவித்தன. லெனோவோ நிலைத்து நின்றது. 2024இல் தன் புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்களும் 2,400 ஜி.பி.யு. சர்வர்களும் தயாரிக்கப்போவதாகச் சொன்னது.

பெரிய ஆலைகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதிவிடுகின்றன. நான் பார்க்கப் போனது நேரு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே இருக்கும் சின்னக் கடையை. பத்தடி அகலம் இருக்கும். ஒரு நீள மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கேபிள்கள், மூலையில் தூசி ஊதும் ப்ளோயர். கடைக்காரர் ஐம்பதை நெருங்குகிறவர். முன்பு தொழிற்பேட்டை ஆலை ஒன்றில் லைனில் நின்றவர்.

“கம்பெனில ஒரு ஆளுக்கு ஒரு வேலைதான் சார். நான் ரொம்ப நாளு எஸ்.எம்.பி.எஸ். மாட்டிக்கினே இருந்தேன். நாலு ஸ்க்ரூ, தள்ளிவுடு. நாலு ஸ்க்ரூ, தள்ளிவுடு. டெஸ்டிங்ல இருந்த அண்ணன்தான் மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. சாப்பாட்டு நேரத்துல அவரு பக்கத்துலயே உக்காந்துப்பேன்.”

அவரிடம் இப்போது தொழில் பழகுகிறவர், லாஸ்பேட்டையில் டிப்ளமோ முடித்த ஒரு பெண். அன்று மேசைமேல் இருந்தது, கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் ஒருவருக்கான புது சிஸ்டம். வாங்க வந்தவர் எடுத்த எடுப்பிலேயே, “ஐ-ஏழு போட்டுடுங்கண்ணே” என்றார். கடைக்காரர் பதிலுக்குக் கேட்டது, “என்னா வேலைக்குங்க? ஒரு ஆல்பத்துக்கு எத்தினி பக்கம்? வீடியோ எடிட்டிங் உண்டா?” பதில்களைக் கேட்டுவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ப்ராசசரை ஐ-ஐந்துக்கு இறக்கினார். மிச்சமான பணத்தை ராமுக்கும், நிறம் சரியாகக் காட்டும் மானிட்டருக்கும் மாற்றினார். அவர் தொழிலின் பாதித் திறமை அந்தப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. பெட்டியில் அடைத்து வரும் பிராண்டட் சிஸ்டம், யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

பிறகு பூட்டும் வேலை தொடங்கியது. ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டில் 1,700 மெல்லிய பின்கள். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு, வாரண்டியும் போச்சு. மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பார்த்து அந்தப் பெண் ப்ராசசரை இரு விரலால் பிடித்து இறக்கிவைத்தாள். அழுத்தவில்லை. “தானா உக்காரணும்ண்ணா, நாம உக்கார வெக்கக் கூடாது” என்று என்னிடம் சொன்னாள். பூட்டுக் கம்பியை மடக்கியதும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெறித்து வந்தது. அதைக் குப்பையில் போடாமல் போர்டு வந்த டப்பாவிலேயே பத்திரப்படுத்தினாள். நாளைக்குப் போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது அந்த மூடியோடுதான் அனுப்ப வேண்டும்.

அடுத்து பேஸ்ட். உளுந்து அளவுக்கு ஒரு பொட்டு. ப்ராசசரின் தலையும் ஹீட் சிங்க்கின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் நடுவே நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களில் காற்று தங்கினால் வெப்பம் கடக்காது. காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவதற்குத்தான் பேஸ்ட். அப்பிவைத்தால் அதுவே தடையாகிவிடும். ஃபேனின் நான்கு கால்களையும் வரிசையாக அழுத்தாமல், எதிரெதிர் மூலைகளாக அழுத்தினாள். வரிசையாக அழுத்தினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

இரண்டு ராம், ஒன்று விட்டு ஒரு ஸ்லாட்டில். எஸ்.எஸ்.டி.க்கு ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. இத்தனையும் முடிந்தும் கேபினெட்டைத் தொடவில்லை. போர்டை அட்டை டப்பாவின் மேலேயே வைத்து மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இணைத்து, பவர் சுவிட்ச் வர வேண்டிய இரு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டாள். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. வாங்க வந்தவர் முகம் மாறியது. அரை நிமிடம், முக்கால் நிமிடம். “இருங்க சார், ராம் பழகிக்குது” என்றார் கடைக்காரர், நிமிராமலே. அவர் சொன்னது துல்லியமான உண்மை. டி.டி.ஆர்.5 ராமை முதன்முதலாகப் போடும்போது, எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் பேசிக்கொள்வது என்று போர்டும் ராமும் சோதித்துப் பார்த்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். விவரம் தெரியாதவர்கள் பதறி, நடுவிலேயே கரண்டை நிறுத்திவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்ததும் பயாஸ் திரை வந்தது.

எந்த நிறுவனத்தின் போர்டும் எந்த நிறுவனத்தின் கேபினெட்டிலும் எப்படிப் பொருந்துகிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது, அவசரம் காரணமாகச் சந்தையில் கிடைத்த பாகங்களைக் கொண்டே அதைக் கட்டியிருந்தது. அதன் சர்க்யூட் விவரங்களையும் புத்தகமாகவே தந்ததால், மற்ற நிறுவனங்களும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்ய முடிந்தது. 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. ஸ்க்ரூ துளை எங்கே, எஸ்.எம்.பி.எஸ். பின் எத்தனை, பின்பக்கத் திறப்பு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் வகுக்கப்பட்டது. நேரு வீதிச் சந்தில் ஒரு மனிதர் தைவான் போர்டையும் டெல்லி கேபினெட்டையும் சேர்த்துப் பிழைப்பு நடத்துவது அந்தப் பொதுவான அளவுகளின் மேல்தான். செல்போனிலோ லேப்டாப்பிலோ இந்தச் சுதந்திரம் இல்லை.

கேபினெட்டுக்குள் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாத ஒன்றைக் கழற்றினாள். துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்-ஆஃப் நின்றால், போர்டின் முதுகில் உரசி ஷார்ட் ஆகும். முன்பக்க பவர் சுவிட்ச், ரீசெட், இண்டிகேட்டர் ஒயர்களை மாட்டுவதுதான் கண்ணைக் கெடுக்கும் வேலை. நகத்தளவு கனெக்டர்கள், அதைவிடச் சின்ன எழுத்துகள். கடைசியாக கேபிள்களை போர்டு தட்டின் பின்பக்கமாக இழுத்துக் கட்டினாள். கதவு மூடினால் யாருக்கும் தெரியாத அந்தப் பக்கத்துக்கும் அவள் நேரம் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

இவையெல்லாம் எந்த ஊரிலும் நடப்பவை. புதுச்சேரிக்கே உரியவை இரண்டு. முதலாவது உப்புக் காற்று. கடலை ஒட்டிய தெருக்களிலிருந்து வரும் சிஸ்டங்களைத் திறந்ததும், ஸ்க்ரூ தலையில் துரு, செம்பு தெரியும் இடங்களில் பச்சை. “டிஸ்ப்ளே வரல” என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கு ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினாலே சரியாகிவிடுகிறது. அதற்கு அவர் வாங்குவது அற்பத் தொகை. சன்னலோரம் வைக்காதீர்கள், ஒரு வாரம் வெளியூர் போய்வந்தாலும் வந்ததும் சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறார். உள்ளே இளஞ்சூடு இருந்தால் ஈரம் தங்காது.

இரண்டாவது எர்த். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில், அது பிரெஞ்சுத் தெருவானாலும் தமிழ்த் தெருவானாலும், மூன்று துளை பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பி இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். சிஸ்டத்தில் கோளாறு என்று சண்டைக்கு வருவார்கள். கோளாறு சிஸ்டத்தில் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று. எர்த் செத்திருந்தால் அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளியான கேபினெட், 230 வோல்ட்டில் பாதியான 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். ஓடும் மின்சாரம் மிகக் குறைவு, அதனால் சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் அந்த நிலையில் மானிட்டர் கேபிளையோ லேன் கேபிளையோ சொருகினால் போர்ட் பொசுங்கக்கூடும். கடைக்காரர் சிஸ்டத்தைக் கொடுக்கப் போகும்போது மல்டிமீட்டரையும் எடுத்துப் போகிறார். எர்த் இல்லாத வீட்டில், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லிவிட்டு சிஸ்டத்தை மாட்டாமலே திரும்பி வந்ததும் உண்டாம். விற்றவர் செய்யும் காரியமா அது என்று கேட்டால், “நாளைக்கு அந்த வீட்டுக் கொழந்தைதானே தொடும்” என்கிறார்.

நான் இருந்தபோது ஒரு முதியவர் வந்தார். பிரான்சிலிருந்து பேரன் வந்திருக்கிறானாம், இந்தக் கீபோர்டில் எழுத்தெல்லாம் இடம் மாறியிருக்கிறது என்கிறானாம். அந்தப் பெண் உடனே புரிந்துகொண்டாள். பிரெஞ்சுக் கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தில் நம்மிடம் க்யூ இருக்கும். அமைப்பை மாற்றுவது எப்படி என்று ஒரு தாளில் எழுதி, விசைகளில் ஒட்ட ஸ்டிக்கர் தாளும் கொடுத்தாள்.

இப்போது இந்தத் தொழில் இரண்டு பக்கமும் நெருக்கப்படுகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நான்காம் தலைமுறை சிஸ்டங்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. தூக்கிப் போடாமல் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு லினக்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். கட்டற்ற மென்பொருளுக்காக உழைக்கும் எஃப்.எஸ்.எச்.எம். போன்ற அமைப்பு இந்த ஊரிலேயே இருப்பது அவருக்குத் துணை. விழுப்புரத்திலும் ஒரு லினக்ஸ் குழு இருக்கிறது.

இன்னொரு நெருக்கடி ராம் விலை. 2025இன் கடைசி மாதங்களில் அது தாறுமாறாக ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக வளைத்துக்கொண்டதே காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், ‘குரூஷியல்’ என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த ராம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. காலையில் சொன்ன விலைக்குச் சாயங்காலம் சென்னை ரிச்சி தெருவில் சரக்கு கிடைக்காமல் கடைக்காரர் தவித்திருக்கிறார். ஏ.ஐ. சர்வர் ஆலையும், அதே ஏ.ஐ.யால் ராம் கிடைக்காமல் நிற்கும் சந்துக் கடையும் ஒரே ஊரில் இருக்கின்றன.

கம்ப்யூட்டர் உற்பத்தியை ஊக்குவிக்க மத்திய அரசு 2023 மே மாதத்தில் 17,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அது ஆலைகளுக்கானது. ஆலைகள் வேண்டும்தான். ஆனால் ஒரு இயந்திரத்தை முழுதாகக் கட்டவும் பிரிக்கவும், பத்து வருடம் கழித்தும் உயிரோடு வைத்திருக்கவும் தெரிந்தவர்கள் இந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகிய ஒரு பெண்ணின் திறமைக்குச் சான்றளிக்க ஒரு தேர்வாவது புதுச்சேரி அரசு நடத்தலாம். அவளுக்குத் தெரிந்ததில் பாதி டிப்ளமோ பாடத்தில் இல்லை.

வாங்குகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். சிஸ்டம் வாங்கும்போது ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். அது வீட்டுக்கு வருவதற்கு முன் எர்த்தைச் சரிபார்த்துவிடுங்கள். பில்லின் கடைசி வரியில் அசம்பிளிங் சார்ஜ் என்று ஒரு சிறு தொகை இருக்கும். பாகங்களின் விலையைப் பேரம் பேசுங்கள், அந்தத் தொகையை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.